அறை மாறியதும் கறுத்த நாக்கு

இந்தப் பிரிவுக்குப் புதிதாக வரப்போகும் தம்பி தங்கைகளுக்கு,

இப்படியெல்லாம் எழுதுவது வழக்கமாக ஓய்வு பெற்றவர்கள் செய்யும் வேலை. எனக்கு இன்னும் முதுகுவலிகூட வரவில்லை. சிட்னியின் மேற்குப் பக்கத்தில் ஒரு மருத்துவமனையில், தலை, கழுத்து மறுசீரமைப்புப் பிரிவில் ரெஜிஸ்ட்ராராக, அதாவது பயிற்சியில் இருக்கும் அறுவை மருத்துவராக, இருந்தேன். இப்போது மெல்பர்னுக்குக் கிளம்புகிறேன். அங்கே கிளென் வேவர்லியில் அம்மா என் பழைய அறையைக் காலி செய்யத் தொடங்கிவிட்டார். இங்கே பெட்டிகள் பாதி கட்டியும் கட்டாமலும் கிடக்கின்றன. அதற்கு நடுவில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். தள்ளிப்போட்டால் இதுவும் மற்றவற்றைப் போல "அப்புறம் பார்க்கலாம்" பெட்டிக்குள் போய்விடும்.

எந்த நூல், எந்த ஊசி, எந்த மருந்து என்பதையெல்லாம் சொல்லித்தர உங்களுக்கு ஆள் உண்டு. நான் ஒரே ஒரு நோயாளியைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

வேறு துறையிலிருந்து வருகிறவர்களுக்காக முதலில் ஒரு விளக்கம். புற்றுநோய்க்காக நாக்கில் பாதியை எடுத்துவிட்டால், அந்த இடத்தில் முன்கையின் தோலையும் சதையையும் வைத்துத் தைக்கிறோம். வெறும் தோலை மட்டும் வைத்தால் செத்துவிடும். அதனால் அதன் ரத்தக் குழாய்களோடு பெயர்த்தெடுத்து, அவற்றைக் கழுத்தில் உள்ள குழாய்களோடு இணைக்கிறோம். தமனி ரத்தத்தைக் கொண்டுவரும். சிரை திருப்பி எடுத்துப் போகும். இந்தப் புதுச் சதைக்குத்தான் ஃபிளாப் என்று பெயர். சிரை அடைபட்டால் வந்த ரத்தம் போக வழியில்லாமல் தேங்கும். சதை வீங்கும், கறுக்கும். சீக்கிரம் கண்டுபிடித்தால் காப்பாற்றலாம். தாமதித்தால் அழுகிப்போகும், வாயில் மறுபடி பள்ளம்தான்.

புத்தகங்களில் "ஆரோக்கியமான ஃபிளாப் ரோஜா நிறம்" என்று எழுதியிருக்கும். நம் ஆட்களின் முன்கையை ஒருமுறை பாருங்கள். எங்கே ரோஜா? மாநிறத் தோலில் நிறம் மாறுவதைக் கண்டுபிடிக்க இன்னொரு கண் வேண்டும். அதே ஆளின் மீதிக் கையோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஊசியால் ஒரு புள்ளி குத்தினால் ரத்தம் பளிச்சென்று சிவப்பாக வர வேண்டும். கருஞ்சிவப்பாகக் குபுகுபுவென்று வந்தால் ஓடுங்கள்.

என் நோயாளி ஓர் இலங்கைத் தமிழ் அம்மா. பிளாக்டவுன் பக்கத்தில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். குவேக்கர்ஸ் ஹில் வரை அவரை எல்லோரும் டிரைவிங் அன்ரி என்றுதான் சொல்வார்கள். பக்கத்து இருக்கையில் அமர்ந்து, தோளுக்கு மேலால் திரும்பிப் பார்க்காத பிள்ளைகளைத் திட்டித் திட்டியே லைசென்ஸ் வாங்கிக் கொடுத்தவர். நாக்கில் புற்று என்று தெரிந்து முதல் சந்திப்புக்கு வந்தபோது, எங்கள் கன்சல்டன்ட், பிரிவின் மூத்த அறுவை மருத்துவர், ஒரு மணி நேரம் விளக்கினார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அன்ரி என் பக்கம் திரும்பினார்.

"பிள்ளை, ஒண்டே ஒண்டு கேளும் அவவிட்ட. பிறகு என்னால 'பிரேக்!' எண்டு கத்த ஏலுமோ?"

நான் மொழிபெயர்த்தேன். கன்சல்டன்ட் சிரிக்கவில்லை. சத்தமே போடாத, குட்டையான, எதற்கும் அவசரப்படாத ஒரு பெண்மணி அவர். "ஃபிளாப் உயிரோடு இருந்தால் கத்தலாம்" என்றார்.

பேரம் அதுதான். ஃபிளாப் பிழைத்தால் குரல். இல்லாவிட்டால் இல்லை.

அறுவை சிகிச்சை அழகாக முடிந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த நாட்களில் அந்தப் புதுநாக்கு எங்கள் பிரிவின் செல்லப்பிள்ளை. பிறகு வார்டில் ஒரு தனியறைக்கு மாற்றினோம். அங்கேதான் ஆரம்பித்தது.

கழுத்தில் துளையிட்டு மூச்சுவிடக் குழாய் வைத்திருந்ததால் அன்ரியால் பேச முடியாது. மடியில் ஒரு வெள்ளைப் பலகையும் பேனாவும். பக்கத்துக் கதிரையில் அவருடைய கணவர். சாலைகள் போட்ட சிவில் இன்ஜினியர், ஓய்வு பெற்றவர், மெலிந்த உருவம். நாங்கள் உள்ளே போகும்போதெல்லாம் கதிரையை விட்டு எழுந்து சுவரோடு ஒட்டி நிற்பார்.

"இருங்க அங்கிள், பரவாயில்லை."

"இல்லை இல்லை, நீங்கள் பாருங்கோ. நான் இடைஞ்சல்."

செவிலியர்கள் ஒவ்வொரு முறையும் அன்ரியின் தலையைக் கொஞ்சம் நேராக்கி, வாயைத் திறக்கச் சொல்லி, டார்ச் அடித்துப் பார்த்தார்கள். "கொஞ்சம் மங்கல்" என்றார்கள். அடுத்த முறை "பரவாயில்லை" என்றார்கள். அதற்கடுத்த முறை "முன்பை விட மங்கல்". இப்படியே ஒரு நாள் ஊசலாடியது. மறுநாள் காலை ரவுண்டில் நான் டார்ச் அடித்தபோது வாய்க்குள் இருந்தது கத்தரிக்காய். வேறு வார்த்தை இல்லை. பளபளவென்று, வீங்கி, கரும் ஊதா. ஊசியால் குத்தினேன். கருப்பாகக் குபுக்கென்று வந்தது.

படம் எடுத்துக் கன்சல்டன்டுக்கு அனுப்பினேன். "மேலே கொண்டு வா" என்று ஒரே வரி வந்தது. ஆபரேஷன் தியேட்டரைப் பிடித்தோம். மயக்க மருந்துக்காரர் வேறு ஒரு நோயாளியை ஒதுக்கிவைத்தார். அன்ரியை டிராலிக்கு மாற்றி, மல்லாக்க நேராகப் படுக்கவைத்துத் தள்ளிக்கொண்டு ஓடினோம். லிஃப்ட் வர நேரமானது. நான் பொத்தானை அமுக்கியது லிஃப்டுக்கு வலித்திருக்கும்.

தியேட்டர் வாசலில் கன்சல்டன்ட் தொப்பி போட்டு நின்றார். டார்ச்சை வாங்கிப் பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார். ஊசியால் ஒரு புள்ளி குத்தினார். பளிச்சென்ற சிவப்பு.

"நீ அனுப்பின படத்தில் இருந்ததும் இதே ஆள்தானா?" என்று கேட்டார்.

எட்டிப் பார்த்தேன். கத்தரிக்காய் இல்லை. வீக்கம் தளர்ந்து, ஓரங்களில் மட்டும் கருமை. பொய் சொன்னவளைப் போல நின்றேன். ரத்த ஓட்டத்தைச் சத்தமாகக் கேட்கவைக்கும் டாப்ளர் கருவியைக் கன்சல்டன்ட் கழுத்தில் வைத்தார். தமனியின் தட்தட் சத்தமும் அதற்குப் பின்னால் சிரையின் காற்றடிப்பது போன்ற ஓசையும் சுத்தமாகக் கேட்டன.

மயக்க மருந்துக்காரர் கதவைத் திறந்து, "எல்லாம் ரெடி, உள்ளே கொண்டு வரலாமா?" என்றார்.

எல்லோரும் கையுறை போட்டாயிற்று. கருவிகள் விரித்தாயிற்று. திறந்து பார்த்துவிட்டால் யாரும் நம்மைக் குறை சொல்ல முடியாது. இந்த நேரத்தில் வரும் அந்த இழுப்பு உங்களுக்கும் வரும். கன்சல்டன்ட் சொன்னதை நான் அப்படியே தருகிறேன்:

"நாம் ரெடியாக இருக்கிறோம் என்பது இவரைத் திறப்பதற்குக் காரணமில்லை. அந்த அறைக்கும் இந்தக் கதவுக்கும் நடுவில் ஏதோ மாறியிருக்கிறது. போய் அதைக் கண்டுபிடி. நான் இங்கேயே நின்று இவரைப் பார்த்துக்கொள்கிறேன்."

படிகளில் இறங்கி ஓடினேன். அறைக் கதவு பாதி திறந்திருந்தது. அன்ரி இல்லாத கட்டிலுக்கு முன்னால் அங்கிள் நின்றிருந்தார். இடது உள்ளங்கையில் கைபேசியைத் தட்டையாக வைத்து அதைக் குனிந்து பார்த்தபடி, வலது கையால் ஒரு தலையணையை மெத்தையின் மேல் குறுக்காகத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"என்ன அங்கிள் பண்றீங்க?"

திடுக்கிட்டார். "ஒண்டுமில்லை பிள்ளை. அவ வரேக்க கட்டில் ஒழுங்கா இருக்கட்டும் எண்டு."

"கையில என்ன?"

"இதோ... திசைகாட்டி."

எனக்கு இன்னும் புரியவில்லை. அவர் முகத்தைப் பார்த்தேன். அழுது முடித்த முகம்.

"சொன்னா சிரிப்பியள். இந்த அறையில தலைமாடு நேர் வடக்கு, பிள்ளை. வடக்க தலை வைச்சுப் படுக்கப்படாது எல்லோ? அங்க ஐசியூவில கிழக்கு. நான் பாத்தனான். அங்க இருக்கும்வரைக்கும் ஒரு பிரச்சனையும் இல்லை. இங்க வந்த பிறகுதான் எல்லாம் பிழைச்சுது. கட்டிலைத் திருப்ப ஏலாது, ஒக்சிசன் சுவரில. அதுதான்..."

"அதுதான்?"

"தலையணையைக் குறுக்கால வைச்சு, அவவின்ர தலையை மட்டும் கிழக்கால சரிச்சு விட்டனான். நீங்கள் எல்லாரும் வரேக்க நேராக்கிப் பாப்பியள். போன பிறகு நான் திரும்ப வைப்பன்."

வடக்கே தலைவைத்து மல்லாந்து படுத்தவருக்குக் கிழக்கு எந்தப் பக்கம்? இடது பக்கம். சிரையை இணைத்திருந்தது எந்தப் பக்கம்? இடது பக்கம். தலையை இடது தோளை நோக்கிச் சாய்க்கச் சாய்க்க, கழுத்துக்குள் அந்தச் சின்னச் சிரை தோட்டத்துக் குழாய் மாதிரி மடங்கியிருக்கிறது. நாங்கள் வந்து நேராக்கியதும் ஓடியிருக்கிறது. நாங்கள் போனதும் மறுபடி மடங்கியிருக்கிறது. எங்கள் பரிசோதனைதான் எங்களுக்குக் கண்ணைக் கட்டியிருந்தது!

"நேத்து நிறம் மாறுதுன்னு நாங்க பேசிக்கிட்டது உங்களுக்குக் கேட்டுச்சா அங்கிள்?"

"கேட்டது. அதுதான் இன்னும் கொஞ்சம் கூடச் சரிச்சனான்."

நான் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டேன். நோயாளியின் கட்டிலில் உட்காரக் கூடாது, தெரியும். நாங்கள் கவலைப்பட்ட அளவுக்கு அவர் சாய்த்திருக்கிறார். அவர் சாய்த்த அளவுக்கு எங்கள் கவலை ஏறியிருக்கிறது. ஒன்று கவனித்தீர்களா? அறை மாறிய பிறகுதான் கெட்டது என்று எங்களில் ஒருவரும் சொல்லவில்லை. அவர் சொன்னார். கண்டது சரி. காரணம்தான் தலைகீழ்.

நான் ஒரு தமிழ்ப் பெண். இந்த நோயாளியை என்னிடம் கொடுத்ததே "உனக்கு இவர்களைப் புரியும்" என்றுதான். கிளென் வேவர்லியில் வளர்ந்த எனக்குக் கட்டிலுக்குத் திசை இருக்கிறது என்பதே அந்தக் காலையில்தான் உறைத்தது.

மேலே வந்து சொன்னேன். யாரோ ஒருவர் களுக்கென்று சிரித்தார். கன்சல்டன்ட் திரும்பிப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. அன்ரி பலகையைக் கேட்டுக் கையை நீட்டினார். எழுதினார்:

"எனக்கு உதில நம்பிக்கை இல்லை. மனுசன் சும்மா இருந்து அழுதுகொண்டிருந்தவர். ஏதாவது செய்யட்டும் எண்டு விட்டனான்."

"கழுத்து வலிச்சிருக்குமே ஆன்ட்டி?"

பலகையைத் துடைத்து, பெரிய எழுத்தில்: "நல்லா."

நான் வாசித்து மொழிபெயர்த்தேன். பாதி நாக்கை இழந்து படுத்திருக்கிறவர், புருஷனின் கண்ணீரை நிறுத்துவதற்காகத் தன் கழுத்தை அவரிடம் கொடுத்து வைத்திருக்கிறார்.

கழுத்தைத் திறக்காமலேயே அன்ரியைத் திருப்பி அனுப்பிய பிறகு, கன்சல்டன்ட் வார்டுக்கு இறங்கி வந்து அங்கிளின் முன்னால் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "தெற்கு பரவாயில்லையா என்று கேள்" என்றார் என்னிடம்.

"தெற்கு நல்லது" என்றார் அங்கிள் உடனே.

நடைபாதைக்கு எதிர்ப்பக்க அறைகளில் தலைமாடு எதிர்த் திசை. எதிரறையில் தாடை உடைந்து கம்பி கட்டிய ஒரு கட்டடத் தொழிலாளி இருந்தார். அறை மாற்றிக்கொள்ள முடியுமா, காரணம் இதுதான் என்று கேட்டோம். பற்களுக்கு நடுவால், "டிவி அந்த அறையிலும் இருக்குதானே?" என்றார். அவ்வளவுதான். மதியத்துக்குள் அன்ரியின் தலை தெற்கே.

கன்சல்டன்ட் இன்னொன்றும் செய்தார். தலையணையின் நடுவில் ஒரு வெள்ளை டேப்பை நீளமாக ஒட்டினார். "மூக்கு எப்போதும் இந்தக் கோட்டுக்கு நேராக இருக்க வேண்டும். இதைப் பார்த்துக்கொள்வது உங்கள் வேலை. விலகினால் செவிலியரைக் கூப்பிடுங்கள். நீங்கள் தொட வேண்டாம்." ரோடு போட்ட மனிதருக்கு ஒரு மையக்கோடு கொடுத்துவிட்டார். அங்கிள் அன்றுதான் நாங்கள் இருக்கும்போதே சுவரை விட்டு வந்து கதிரையில் உட்கார்ந்தார்.

கதை இங்கே முடிந்திருந்தால் காபி நேரத்தில் சொல்லிச் சிரிக்க நன்றாக இருந்திருக்கும். முடியவில்லை.

மறுநாள் பிற்பகல் நான் நடைபாதையில் வந்துகொண்டிருந்தேன். அங்கிள் வாசலில் நின்று கையைக் காட்டினார்.

"பிள்ளை, ஒருக்கா வாரும். தலை நேர்தான். நான் தொடேல்லை. ஆனா இந்தப் பக்கம் கழுத்து பொம்மின மாதிரி கிடக்கு."

டார்ச் அடித்தேன். கத்தரிக்காய்.

என் மனதில் முதலில் ஓடியது என்ன தெரியுமா? மறுபடியும் சாய்த்துவிட்டார் என்பதுதான். என்னோடு வந்த செவிலியரின் புருவமும் அதையே சொன்னது. தலை நேராக இருந்தது உண்மை. ஆனால் நேற்றும் நாங்கள் வரும்போது நேராகத்தானே ஆக்கினோம்? கொஞ்சம் பொறுத்தால் தானாகத் தெளியுமோ? நேற்று தெளிந்ததே! நேற்று அவசரப்பட்டுத் தியேட்டரையே கலக்கி, கூட்டத்தையே கூட்டி, வெறும் தலையணை என்று கண்டுபிடித்தோமே! இன்றும் ஓடினால் என்ன சொல்வார்கள்?

கன்சல்டன்டைத் தொலைபேசியில் பிடித்தேன்.

"தலை எப்படி?"

"நேர்."

"நீ போவதற்கு முன்னால்?"

"நேராகத்தான் இருந்தது என்கிறார் கணவர்."

"நீ அவரை நம்புகிறாயா?"

திரும்பிப் பார்த்தேன். அங்கிள் கதிரையில் உட்கார்ந்திருந்தார். இரண்டு கைகளையும் தொடைகளுக்கு அடியில் வைத்து அவற்றின் மேல் உட்கார்ந்திருந்தார். கைகள் தானாக எழுந்து போய்விடாமல் இருக்க. என்னைக் கூப்பிட எழுந்ததைத் தவிர, காலையிலிருந்தே அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். வெளியே தெரிந்த விரல்நுனிகள் வெளுத்திருந்தன.

"நம்புகிறேன்."

"அப்படியானால் காத்திருக்காதே. கொண்டு வா."

லிஃப்டில் நான் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். தெளிந்துவிடு, தெளிந்துவிடு என்று ஒரு பக்கம். தெளிந்தால் என் முகத்தை எங்கே வைப்பது என்று இன்னொரு பக்கம். தெளியவில்லை. வாசலில் அன்ரி என் விரலைப் பிடித்து இழுத்தார். பலகை கீழே வார்டில் விட்டுப்போயிருந்தது. காற்றில் ஒரு காலால் எதையோ மிதிப்பது போலக் காட்டினார். எனக்கு ஒரு நொடி கழித்துத்தான் புரிந்தது. பிரேக்.

"கத்துவீங்க ஆன்ட்டி" என்றேன். அப்படிச் சொல்ல எனக்கு எந்த உரிமையும் இல்லை.

கழுத்தைத் திறந்ததும் உள்ளே தேங்கியிருந்த ரத்தம் வழிந்தது. ரத்தத்தை வெளியேற்ற வைத்திருந்த வடிகுழாய் அடைத்துப்போய், கட்டிய ரத்தம் சிரையை நசுக்கியிருந்தது. சிரைக்குள்ளும் ஒரு கட்டி உருவாகத் தொடங்கியிருந்தது. கன்சல்டன்ட் எல்லாவற்றையும் கழுவி, அந்தத் துண்டை வெட்டி, இணைப்பை மறுபடி தைத்தார். ரத்தத்தைத் தடுத்து வைத்திருந்த கிளிப்பை விட்டதும் சிரை நிரம்பியது. எல்லோரும் வாய்க்குள் எட்டிப் பார்த்தோம். வீக்கம் எங்கள் கண் முன்னாலேயே இறங்கியது. மெல்ல, மெல்ல, அன்ரியின் கையின் நிறம் நாக்குக்குத் திரும்பியது.

தைத்து முடிக்கும்போது கன்சல்டன்ட் சொன்னார்: "நேற்றைய பதில் இன்று உன்னைக் கொன்றிருக்கும்." கொஞ்சம் கழித்து, "உன்னை இல்லை. இவரை" என்று திருத்தினார்.

உங்களுக்கு நான் சொல்ல வருவது இந்த இரண்டு நாட்களுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. முதல் நாள், கருவிகள் விரித்தபின்னும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கத் தெரிய வேண்டும். மறுநாள், நேற்று ஏமாந்த வெட்கத்தை மென்று விழுங்கிவிட்டு ஓடத் தெரிய வேண்டும். இரண்டுக்கும் ஒரே விதி கிடையாது. இருந்தால் எழுதிவிட்டுப் போயிருப்பேன். அறையில் நாள் முழுக்க இருப்பவர் யார், அவர் கைகள் என்ன செய்கின்றன என்று பாருங்கள். அந்தக் கைகளுக்கு நாம் வேலை கொடுக்காவிட்டால், அவை தாமாகவே ஒரு வேலையைத் தேடிக்கொள்ளும்.

சில வாரங்கள் கழித்து வெளிநோயாளர் பிரிவில் அன்ரியைப் பார்த்தேன். கழுத்துக் குழாய் எடுத்தாயிற்று. பேச்சுப் பயிற்சி நடக்கிறது. அதுவரை என் காதில் விழுந்ததெல்லாம் "ஓம்", "தண்ணி", "போதும்" அளவில்தான். புதுநாக்கு மாநிறத்தில், சமர்த்தாக, அசைந்துகொண்டிருந்தது. அங்கிள் பக்கத்தில், பைகளைச் சுமந்துகொண்டு.

நான் பெருமை தாங்காமல் அந்த மறுநாள் கதையைச் சொன்னேன். கன்சல்டன்ட் கேட்டது, நான் திரும்பிப் பார்த்தது, அங்கிள் கைகளின் மேல் உட்கார்ந்திருந்தது. அவர் சொன்னதை நான் நம்பினேன், அதனால்தான் நேரம் மிச்சமானது என்றேன். அங்கிள் தரையைப் பார்த்துக்கொண்டு வெட்கப்பட்டார்.

அன்ரி அவரை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். எச்சிலை விழுங்கி, ஒவ்வொரு சொல்லையும் கியர் மாற்றுவது போல மெதுவாக எடுத்துவைத்து, கொஞ்சம் குழறலாக, ஆனால் நடைபாதையில் நின்றவர்களும் திரும்பிப் பார்க்கும் சத்தத்தில் கேட்டார்:

"இந்த மனுசனை நீர் எப்பிடி நம்பினனீர்? நான் எண்டா நம்பியிருக்க மாட்டன்!"

முதலில் சிரித்தது அங்கிள்தான். நான் கொஞ்சம் தாமதமாகத்தான் சிரித்தேன். அவ்வளவு நீளமான வாக்கியத்தை அவர் சொல்லி முடித்துவிட்டார் என்பது உறைக்க எனக்கு அவ்வளவு நேரம் ஆனது.